மழைக்காட்டிலிருந்து ஒளிரும் நீர் வரை: ஒரு நாள் பயணத்தில் ஓராயிரம் பாடம்



காலையில் மழைக்காடு, இரவில் நெருப்பில்லாமல் ஒளிரும் நீர். இந்த இரண்டையும் ஒரே நாளில், வழிகாட்டி ஒருவரோடு சுற்றிப் பார்க்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுதான் கரீபியன் கடலுக்கும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் இடையே உள்ள புவெர்ட்டோ ரிக்கோ தீவு. 1898-இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்குப் போன தீவு இது. மக்கள் பேசுவது பெரும்பாலும் ஸ்பானிய மொழி. நான் அங்கே போனதில்லை. ஆனால் இதைப் பற்றிப் படிக்கப் படிக்க, நாம் முதலாண்டில் மனப்பாடம் செய்து எழுதிய இயற்பியலும் வேதியியலும் அங்கே உயிரோடு நடமாடுவதாகத் தோன்றியது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

காலை: எல் யுங்கே மழைக்காடு

தலைநகர் சான் ஹுவானிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் போனால் லுக்கியோ மலைத்தொடர் வரும். அங்கே இருப்பதுதான் எல் யுங்கே காடு. பரப்பு சுமார் 28,000 ஏக்கர். 1876-இல் ஸ்பானிய அரசே இதைப் பாதுகாக்க ஒதுக்கி வைத்தது. அமெரிக்கத் தேசியக் காடுகளில் வெப்பமண்டல மழைக்காடு இது ஒன்றுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

மலை அப்படியொன்றும் உயரமில்லை. சிகரங்கள் 1,000 மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டுகின்றன. அப்புறம் எப்படி இவ்வளவு மழை? அட்லாண்டிக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று ஈரத்தைச் சுமந்துவந்து முதலில் மோதுவது இந்த மலையில்தான். மேலே ஏறும் காற்று விரிகிறது, குளிர்கிறது, நீராவி நீராகிறது. தெர்மல் என்ஜினியரிங் படிப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை! உச்சிப் பகுதிகளில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. அங்கே மரங்கள் காற்றாலும் ஈரத்தாலும் குட்டையாகி, பாசி போர்த்து நிற்கின்றன. 'கொக்கீ, கொக்கீ' என்று கத்தும் சின்னஞ்சிறு தவளைக்கு அந்தக் கூப்பாடே பெயராகிவிட்டது. அதன் முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வராது, நேரே குட்டித் தவளையே வெளிவரும்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு செய்தி. 191-ஆம் எண் சாலை ஒருகாலத்தில் இந்த மலையை வடக்கு தெற்காகக் கடந்தது. 1970-களில் நிலச்சரிவுகளால் நடுப்பகுதி மூடப்பட்டது. இன்றும் வடக்கிலிருந்து ஏறுகிறவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மண்ணில் நீர் ஊறினால் சரிவு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

மாலை: அலையாத்தி வாய்க்கால்

அடுத்து வண்டி ஃபஹார்தோ என்ற கடற்கரை ஊருக்குப் போகிறது. இருட்டியதும், ஆளுக்கொரு துடுப்போடு கயாக் என்னும் சிறு படகில் ஏற்றுகிறார்கள். இருபுறமும் அலையாத்தி மரங்கள் கூரைபோல் கவிந்த குறுகிய வாய்க்கால். அதன் முடிவில் 'லகூனா கிராண்டே' என்ற கடற்கழி. துடுப்பு பட்ட இடமெல்லாம் நீலப் பொறி! கையை விட்டு அளைந்தால் விரல் நுனியில் வெளிச்சம் வழியும்.

இதற்குக் காரணம் பைரோடினியம் பஹாமென்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். நீர் அசைந்ததும் செல்லின் உறை லேசாக நெளிகிறது. உள்ளே ஒரு மின்துடிப்பு ஓடுகிறது. அதனால் ஹைட்ரஜன் அயனிகள் சிறு பைகளுக்குள் பாய்ந்து அமிலத்தன்மை கூடுகிறது. உடனே லூசிஃபெரேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு, லூசிஃபெரினை ஆக்சிஜனோடு சேர்க்கிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல்தான் ஒளி. ஸ்விட்ச், ரிலே, விளக்கு மூன்றும் ஒரே செல்லில்! எல்லாம் பத்தில் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். பகலில் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் இந்த உயிரி, தனக்குள்ளிருக்கும் கடிகாரத்தின்படி இரவில் மட்டும்தான் மின்னும்.

ஒரு சின்னக் கணக்கு

அந்த ஒளியின் அலைநீளம் சுமார் 475 நானோமீட்டர். பிளாங்க் மாறிலியை ஒளிவேகத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால், ஓர் ஒளித்துகளின் ஆற்றல் 4.2 × 10⁻¹⁹ ஜூல். இவ்வகை உயிரி ஒரு மின்னலில் விடுவது 10 கோடி ஒளித்துகள்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4.2 × 10⁻¹¹ ஜூல். பத்தில் ஒரு வினாடிக்கு அது 4.2 × 10⁻¹⁰ வாட். அப்படியானால் 1 வாட் ஒளி வேண்டுமென்றால் சுமார் 240 கோடி செல்கள் ஒரே நேரத்தில் மின்ன வேண்டும்!

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிகிறது. ஒன்று, இவ்வளவு கூட்டம் கூடினால்தான் கடற்கழி ஒளிரும். இரண்டு, பக்கத்தில் ஒரு தெருவிளக்கு எரிந்தாலே ஆட்டம் குளோஸ்! நிலவில்லாத இரவுகளைத் தேடி ஆட்கள் போவதும் அதனால்தான்.

இவ்வளவு செல்கள் எப்படித் தங்குகின்றன? 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாய் மின்னியது நினைவிருக்கும். அது நாக்டிலூகா என்ற வேறு உயிரி, வந்தது, போனது. இங்கேயோ ஆண்டு முழுவதும் ஒளி. காரணம் கடற்கழியின் அமைப்பு. வாய் குறுகல்; ஏற்ற இறக்க அலையோ ஓர் அடி அளவுதான். தண்ணீர் சீக்கிரம் வெளியேறாது. உதிரும் அலையாத்தி இலைகள் மக்கிச் சத்தாகின்றன. மரத்தை வெட்டினாலோ வாயை அகலப்படுத்தினாலோ கணக்கே மாறிவிடும்.

விளக்கு அணைந்த நாட்கள்

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2013 நவம்பரில் லகூனா கிராண்டே திடீரென்று இருண்டது. பலத்த காற்றா, அலையா, படகுகளா, பக்கத்தில் நடந்த கட்டுமானமா என்று பல காரணங்கள் சந்தேகிக்கப்பட்டன. ஒளி பிறகு திரும்பியது. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி தாக்கியபோது எல் யுங்கே காடே இலையுதிர்ந்து பழுப்பாகிப் போனது. வியேக்கெஸ் தீவில் உள்ள இன்னொரு ஒளிரும் விரிகுடாவும் மங்கிப்போய், 2018-இல்தான் மீண்டது.

சூறாவளியை நாம் தடுக்க முடியாது. மனிதன் செய்வதைத் தடுக்கலாமே! லகூனா கிராண்டேயில் இப்போது நீந்த அனுமதியில்லை. உடம்பில் பூசும் வெயில் களிம்பும் கொசு மருந்தும் தண்ணீரில் கரையும் என்பதே காரணம். தென்மேற்கில் லா பார்கேரா என்ற இடத்தில் மோட்டார் படகும் உண்டு, குளியலும் உண்டு. அங்கே ஒளி முன்னைவிட மங்கிவிட்டது.

நமக்கு என்ன பாடம்?

"நமக்கென்னப்பா, அது எங்கேயோ இருக்கிற தீவு" என்று சிலர் கேட்கலாம். நாளைக்குச் சாலை போடப்போவதும், வடிகால் வரையப்போவதும், மின்கம்பம் நடப்போவதும் டிப்ளமோ படித்த நாம்தான். எஸ்டிமேட்டில் கல்லுக்கும் சிமெண்டுக்கும் காலம் உண்டு. ஒரு கழிமுகத்தின் வாய்க்குக் காலம் கிடையாது. எனவே வரைபடத்தில் கோடு போடும்முன் மூன்று கேள்வி கேட்போம்: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கே போய்ச் சேருகிறது? நடுவில் அதை நம்பி வாழ்வது யார்?

கண்ணுக்குத் தெரியாத ஒரு செல், தன் வேலையைச் சரியாகச் செய்து ஒரு கடற்கழிக்கே வெளிச்சம் தருகிறது. நாமும் நம் வேலையைச் சரியாகச் செய்தால் போதும், அந்த மாதிரி வெளிச்சங்கள் அணையாது.