அரசு நடவடிக்கைகளில் சைகை மொழி

மக்களாட்சியில் அரசின் நடவடிக்கைகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லாலேயே நடைபெறுகின்றன. கிராம சபையில் பயனாளிகள் பட்டியல் படிக்கப்படுகிறது. நீதிமன்றத்தில் சாட்சியம் கூறப்படுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் செவித்திறன் குறைந்தோர் சுமார் 50.7 இலட்சம் பேர். இவர்களுள் சைகை மொழியையே முதன்மை மொழியாகக் கொண்டோருக்கு இந்நடவடிக்கைகள் கண்முன் நிகழ்ந்தும் எட்டாதவையாகிவிடுகின்றன.

எழுதிக் காட்டினால் போதாதா என்னும் ஐயம் எழக்கூடும். இந்தியச் சைகை மொழி, பேச்சு மொழியொன்றைக் கைகளால் வரைந்து காட்டும் முறையன்று. தனி இலக்கணம் உடைய மொழி. வினாச்சொல் அதில் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். முகக்குறிப்பும் பொருளின் ஒரு பகுதியாகும். இளமையில் தக்க கல்வி வாய்ப்புப் பெறாத செவித்திறனற்றோர் பலருக்கு எழுத்து மொழி அயல்மொழி போன்றதே.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் தொடர்பு என்பதில் சைகை மொழியையும் உட்படுத்துகிறது. அதன் 12ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் சாட்சியத்தையும் வாதத்தையும் அவர்கள் விரும்பும் மொழியிலும் முறையிலும் பதிவு செய்வதற்கான வசதிகளை ஏற்படுத்தப் பணிக்கிறது. 2023 செப்டம்பரில் செவித்திறனற்ற வழக்கறிஞர் ஒருவர் சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டமை, இது நடைமுறைக்கு இயலும் என்பதை மெய்ப்பித்தது.

எனினும், சட்டம் மட்டும் மொழிபெயர்ப்பாளரைத் தோற்றுவித்துவிடாது. 2015இல் தில்லியில் நிறுவப்பெற்ற இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் இதற்கான பட்டயப் படிப்பை நடத்துகிறது. 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. பயிற்சி பெற்றோர் கிடைக்காதபோது உறவினரையே மொழிபெயர்க்கச் சொல்வது எளிதாகத் தோன்றும். ஆனால், சொத்துத் தகராற்றில் எதிர்த்தரப்பாகவும் இருக்கக்கூடிய ஓர் உறவினர், கூறியதைச் சுருக்கினாலும் திரித்தாலும் அதனை அறிவோர் எவருமிலர்.

ஆதலின், அதிகாரிகள் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். மொழிபெயர்ப்பு தேவையா எனக் கூட்ட அறிவிப்பிலேயே கேட்டல் வேண்டும். கூட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பாளருக்கு முன்னரே அளித்தல் வேண்டும். நீண்ட அமர்வுகளுக்கு இருவரை மாறி மாறிப் பணியாற்றச் செய்தல் நன்று. களைப்பு மிகின் பிழையும் மிகும். மொழிபெயர்ப்பாளர் நல்ல வெளிச்சத்தில், பேசுவோருக்கு அருகில் நிற்றல் வேண்டும். வினாக்களையோ செவித்திறனற்றவரை நோக்கியே கேட்டல் முறை.

மொழிபெயர்ப்பு ஒருவருக்கு மட்டும் செய்யும் சலுகையன்று. அவர் கூறுவதை அறியாமல் முடிவெடுக்கும் அவைக்கும் அது தேவையே.