வானில் வகுத்த வழி

நுழையும்முன்

சாலைக்குக் கரைகள் உண்டு. இருப்புப்பாதைக்குத் தண்டவாளம் உண்டு. எல்லையற்றதாகத் தோன்றும் வானத்தில் வழி வகுப்பது எங்ஙனம்? ஒரே நேரத்தில் பறக்கும் பல விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் செல்வது தற்செயலன்று. அதன் பின்னே அறிவியலும் ஒழுங்கும் மனித விழிப்பும் இணைந்து நிற்கின்றன. அவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கண்ணை நம்பலாகாது

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நேரெதிராக வரும் இரு விமானங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றுக்கிடையே 10 கிலோமீட்டர் தொலைவு இருப்பினும், அது 20 நொடிகளில் மறைந்துவிடும். தொலைவில் தெரியும் புள்ளியை விமானமென உணர்ந்து, விலகும் திசையைத் தேர்ந்து, பெரும் ஊர்தியைத் திருப்ப அந்நேரம் போதுமானதன்று. எனவே, விமானங்கள் நெருங்கிய பின் விலக்குவதைவிட, நெருங்காமலே காப்பதுதான் வான் போக்குவரத்தின் முதல் நெறியாகும்.

அடுக்குகளாய் அமைந்த வானம்

இந்நெறியின் அடிப்படை உயர இடைவெளி. விமானங்களுக்கிடையே பொதுவாக 1,000 அடி உயர வேறுபாடு பேணப்படுகிறது. கிழக்கு நோக்கிச் செல்பவை 33,000, 35,000 என ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்கு நோக்கிச் செல்பவை 34,000, 36,000 என இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறப்பது பொதுவான வழக்கம்.

உயரத்தை விமானம் காற்றழுத்தத்தைக் கொண்டே அளக்கிறது. காற்றழுத்தமோ இடத்திற்கு இடம் மாறும். ஆதலால், குறிப்பிட்ட உயரத்திற்கு மேல் எல்லா விமானிகளும் தம் உயரமானியை 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்னும் ஒரே அளவில் பொருத்திக்கொள்கின்றனர். அளவு கடல்மட்ட உயரத்திலிருந்து சற்றே பிறழ்ந்தாலும், அப்பிறழ்ச்சி அருகருகே பறக்கும் அனைவருக்கும் ஒன்றாக இருப்பதால் இடைவெளி குலைவதில்லை.

ஒரே உயரத்தில் செல்லும் விமானங்களைக் கிடைமட்டத் தொலைவு பிரிக்கிறது. ரேடார் கண்காணிப்புள்ள வழித்தடத்தில் இது பெரும்பாலும் 5 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர். ரேடார் எட்டாத பெருங்கடல்களின் மேல் இத்தொலைவு மேலும் கூடும்.

ஒரு மாலையின் பாடம்

1996 நவம்பர் 12 அன்று மாலை, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய விமானத்திற்கு 14,000 அடியும், தில்லியில் இறங்கவிருந்த கசகஸ்தான் விமானத்திற்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டன. வருகைக்கும் புறப்பாட்டுக்கும் அன்று ஒரே வழித்தடம். இறங்கி வந்த விமானம் தனக்குரிய உயரத்தைக் கடந்து கீழே வந்தது. கட்டுப்பாட்டாளரின் ரேடார் திரையோ விமானங்களின் உயரத்தைக் காட்டும் வசதியற்றது. அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதின. 349 பேரும் உயிரிழந்தனர்.

அத்துயரத்திற்குப் பின் தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் ரேடார் அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

இரு குரல்கள்

மோதல் தவிர்ப்புக் கருவி, அருகிலுள்ள விமானத்தின் டிரான்ஸ்பாண்டரோடு தொடர்புகொண்டு அதன் உயரத்தை அறிகிறது. ஆபத்து நெருங்கினால் ஒன்றை ‘மேலே ஏறு’ என்றும் மற்றொன்றைக் ‘கீழே இறங்கு’ என்றும் ஏவுகிறது.

எனினும், 2002 சூலை 1 இரவு செருமனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே 36,000 அடி உயரத்தில் இரு விமானங்கள் நெருங்கின. பணியிடத்தில் தனித்திருந்த கட்டுப்பாட்டாளர், ஆபத்தைக் காலந்தாழ்த்தி உணர்ந்து, உருசிய விமானத்தை இறங்குமாறு பணித்தார். அதன் கருவியோ ஏறச் சொன்னது. விமானிகள் மனிதக் குரலையே பின்பற்றினர். மற்றைய விமானம் தன் கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டும் இறங்கி மோதியதில் பள்ளி மாணவர் பலர் உட்பட 71 பேர் மாண்டனர்.

இரு கட்டளைகள் முரண்படும்போது எதற்குப் பணிவது என்னும் வினாவிற்கு ஐயமற்ற விடை அதன்பின் வலியுறுத்தப்பட்டது: கருவியின் கட்டளையே முதன்மையானது. கருவி இரு விமானங்களையும் ஒருங்கே இயக்குகிறது. ஒன்று மீறினால் மற்றொன்றின் பணிவும் பயனற்றுப் போகிறது.

சொல்லும் காக்கும்

‘உயரம் இது, திசை இது’ எனக் கட்டுப்பாட்டாளர் கூறுவதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும்; தவறிருப்பின் கட்டுப்பாட்டாளர் உடனே திருத்த வேண்டும். எளிய இவ்வழக்கம், செவி பிழைத்த ஒரு சொல் உயிர்ப்பலியாக மாறாமல் காக்கிறது.

வான் பாதுகாப்பு எந்த ஒரு கருவியையும், எந்த ஒரு மனிதரையும் மட்டும் நம்பி அமைந்ததன்று. விதி, ரேடார், சொல், கருவி என ஒன்று தவறினும் மற்றொன்று தாங்கும் வண்ணம் அது அடுக்கப்பட்டுள்ளது. அவ்வடுக்குகள் பலவும் பறிகொடுத்த உயிர்கள் கற்பித்தவை. விதியை மதிப்பது அச்சத்தின் அடையாளமன்று. முகமறியாப் பிறருயிர் மீது கொண்ட அக்கறையின் அடையாளம்.

கற்பவை கற்றபின்

1. சர்க்கி தாத்ரி, யூபர்லிங்கன் விபத்துகளின் காரணங்களை ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. ‘விதிகள் சுதந்திரத்தைக் குறைப்பதில்லை, காக்கின்றன’ – சாலைப் போக்குவரத்தோடு பொருத்தி ஒரு பக்க அளவில் எழுதுக.