டிக்கி திறக்கவில்லையா? முதலில் சுவிட்சைச் சோதிப்போம்

சக்கர நாற்காலி டிக்கிக்குள் இருக்க, மூடி திறக்காவிட்டால் நோயாளி காரிலேயே காத்திருக்க வேண்டியதுதான். அதற்காகச் சோதிக்காமலே பூட்டை மாற்றி, வாடிக்கையாளரின் பணத்தை நாம் வீணாக்கக் கூடாது.

கார் லாக் திறந்திருக்கிறதா, ஃபியூஸ் நன்றாக உள்ளதா என்று பார்ப்போம். பிறகு ரிமோட்டை அழுத்துவோம். அதில் திறந்தால் பூட்டும் மோட்டாரும் சரி; சந்தேகம் மூடியிலுள்ள சுவிட்ச் மீதும் அதன் ஒயர் மீதும்தான்.

சுவிட்சைக் கழற்றி, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து இரு முனைகளையும் தொடுவோம். அழுத்தும்போது ஒலித்து, விட்டதும் நிற்க வேண்டும். ஒலிக்காவிட்டால் சுவிட்ச் பழுது. விட்ட பிறகும் ஒலித்தால் உள்ளே ஒட்டிக்கொண்டது.

சுவிட்ச் சரியாக இருந்தால், கீல் அருகே ரப்பர் உறைக்குள் ஒயரைப் பார்ப்போம். மூடும் போதெல்லாம் மடிந்து அறுவது அங்கேதான். அப்படியானால், ஒரு துண்டு ஒயரிலேயே வேலை முடியும்.