சித்திரப் பாவையும் மெய்ப்பாடும்

பெங்களூரு ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கிப் பயிலும் நம் மாணவர்கள் இரவுணவிற்குப் பின் தொடுக்கும் வழக்குகளுள் ஒன்று, நெஞ்சை விட்டகலாத திரைப் பாத்திரம் எது என்பது. ஒருவர் ‘மாயா பஜார்’ கடோத்கசன் என்பார். ஒருவர் ரஜினிகாந்த் ஏற்ற வேடமொன்றைச் சொல்வார். மற்றொருவர் டிஸ்னியின் ஏழு குள்ளர் என்பார். முன்னவை உயிருள்ள நடிகர் ஏற்றவை. குள்ளர்களோ வெறுங் கோடுகள். கோட்டின்மீது அன்பு பிறப்பது எங்ஙனம்?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே வகுத்தார். உள்ளத்துணர்ச்சி உடம்பின் வழியே பிறர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. நகை, அச்சம், பெருமிதம் முதலாக அது எட்டு வகைப்படும். உடம்பே இல்லாத சித்திரத்திற்கு மெய்ப்பாடு ஏது?

அவ்வுடம்பை நல்குபவன் ஓவியன். திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. ஒரு சித்திரத்தை இரண்டு படங்களுக்கு நிறுத்தினாலும் நிமிடத்திற்கு 720 சித்திரங்கள் வேண்டும். 1937இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் சிடுசிடுப்பு, நாணம், உறக்கம் எனக் குணமே குள்ளர்களுக்குப் பெயராயிற்று. நடையும் அதற்கேற்ப வேறாயிற்று. இத்தொழிலார் மேசைமீது கண்ணாடி வைத்துத் தம் முகத்தையே சுளித்துப் பார்த்து வரைவர். ஆகவே, நாம் காணும் மெய்ப்பாடு ஓவியன் மெய்யில் தோன்றியதே.

இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். 1957இல் கே. வி. ரெட்டி இயக்கிய ‘மாயா பஜார்’ படத்தில் லட்டுகள் தாமே பறந்து கடோத்கசன் வாயிற் புகுகின்றன. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு நமக்கு மருட்கை தருகிறது. ஆனால், அதை உவகையாக மாற்றியது எஸ். வி. ரங்காராவின் சிரிப்பேயாகும். தந்திரம் வியக்க வைக்கும். உணர்ச்சியே அன்பு கொள்ள வைக்கும்.

பெங்களூரில் பேருந்து நடத்துநராக இருந்த ரஜினிகாந்தின் திரைவாழ்வும் இதற்குச் சான்று. 1989இல் ஏவி.எம். வெளியிட்ட ‘ராஜா சின்ன ரோஜா’வில் அவர் சித்திர விலங்குகளோடு ஆடிப் பாடினார். அங்கே இல்லாத விலங்கை நோக்கி நகைத்தல் எளிதன்று. 2014இல் வந்த ‘கோச்சடையான்’ படத்தில் அவர் அசைவைக் கணினி பதிவு செய்து உருவாக்கியது. அசைவு அவருடையதாயினும் முகத்தில் உயிர் குறைந்தது எனப் பலர் வருந்தினர். கருவி அசைவை அளக்கும். எந்தப் புருவம் எப்போது உயர வேண்டும் எனத் தெரிவது கலைஞனே.

அத்தகைய கலைஞருள் ஒருவர் ராம் மோகன். 1956இல் பிலிம்ஸ் டிவிஷன் சித்திரப் பிரிவில் சேர்ந்து, டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் பயின்றவர். பின்னர் ஜப்பானியரான யூகோ சாக்கோவுடன் இராமாயணச் சித்திரப்படம் ஒன்றை உருவாக்கினார். 1992இல் முடிந்த அப்படம் 2025இல் தமிழ்க் குரலுடன் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அதில் இராமனைக் கண்டு மகிழ்ந்தோருள் ராம் மோகன் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

நண்பர்களே, பாத்திரத்தின்மீது அன்பு கொள்வதில் இழுக்கில்லை. ஆயினும் அவ்வன்பு பாத்திரத்தோடு நின்றுவிட்டால், 720 சித்திரங்கள் வரைந்த கைகளுக்குரியது சேராமற் போகும். பெங்களூரில் இன்று அசைவூட்ட நிறுவனங்கள் பல உள. அக்கைகள் நம் அண்டை வீட்டிலும் இருக்கலாம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து செல்லாமல் அமர்ந்து படிப்போமாக.