தீவின் அடியில் ஒரு மரம்

நுழையும்முன்

மனிதன் நிலத்தைத் துளையிட்டு எட்டிய பெரும் ஆழம் பன்னிரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். புவியின் கவசமோ ஏறத்தாழ 2900 கிலோமீட்டர் ஆழம்வரை பரந்துள்ளது. அந்த ஆழத்தை அறிய நிலநடுக்கமே துணையாகிறது.

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள சிறு தீவு ரீயூனியன். அங்குள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை உலகில் அடிக்கடி வெடிப்பனவற்றுள் ஒன்று. எரிமலைகள் பெரும்பாலும் புவித்தட்டுகளின் விளிம்பில் தோன்றுபவை. ரீயூனியனோ தட்டின் உட்பகுதியில் உள்ளது. அவ்வாறாயின் அந்நெருப்பு எங்கிருந்து வருகிறது?

1971இல் அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஜேசன் மார்கன் ஒரு விடை கூறினார். கவசத்தின் அடியிலிருந்து வெப்பமிக்க பாறை தூண்போல் மேலெழுகிறது; அதன்மேல் தட்டு நகர நகர எரிமலைகள் வரிசையாகப் பிறக்கின்றன என்பது அவர் கருத்து. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தபோது, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பரவிய எரிமலைக் குழம்பும் ரீயூனியனின் ஊற்றிலிருந்தே வந்தது என அறிஞர் பலர் கருதுவர். இலட்சத்தீவு, மாலத்தீவு, மொரிசியஸ் எனத் தொடரும் தடம் அதற்குச் சான்று. ஆயினும் தூணைக் கண்டவர் இலர், ஐயுற்றோர் இருந்தனர்.

தூண் என்றதும் உருகிய குழம்பு நிறைந்த குழாயை எண்ணுதல் தவறு. அது திண்மப் பாறையே. சுற்றுப்பாறையைவிட வெப்பம் மிக்கது. மேற்பரப்பை நெருங்கி அழுத்தம் குறையும்போதுதான் அதில் ஒரு பகுதி உருகுகிறது. வெப்பம் மிகுந்தால் பாறையின் விறைப்புக் குறையும். அதனூடே செல்லும் நிலநடுக்க அலையின் வேகமும் குறையும். தொலைவில் எழுந்த அலை எதிர்பார்த்ததைவிட ஓரிரு வினாடி தாமதமாக வருமாயின், வெப்பமான பாறையைக் கடந்து வந்திருக்கலாம் என உய்த்துணரலாம். ஆனால் ஓர் அலை, தான் தாமதித்ததை மட்டுமே உணர்த்தும். எங்கே தாமதித்தது என்பதை உணர்த்தாது. பல திசைகளிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக வரும் அலைகளை ஒப்பிட்டால்தான் இடம் புலப்படும். சி.டி. ஸ்கேன் உடலின் உட்புறத்தைக் காட்டுவதும் இவ்வாறே.

இதற்குத் தீவில் மட்டும் கருவிகளை வைத்தல் போதாது. ஆகவே 2012இல் பிரெஞ்சு, ஜெர்மானிய அறிஞர்கள் ரீயூனியனைச் சுற்றிக் கடலடியில் 57 நிலநடுக்கமானிகளை இறக்கினர். எடைக்கல்லோடு மூழ்கும் கருவி, ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் கப்பலிலிருந்து வரும் ஒலிக்குறிப்பைப் பெற்றதும் எடையை விடுவித்து மிதந்து வரும். கடலடிக்குச் செயற்கைக்கோளின் நேரக்குறிப்பு எட்டாது. வினாடிகளை நம்பிய ஆய்வில், கருவியின் கடிகாரம் பிசகினால் கணக்கும் பிசகும்.

இப்பதிவுகளையும் பிற நிலையங்களின் பதிவுகளையும் இணைத்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியாயிற்று. அதில் தெரிந்தது நேரான தூண் அன்று, மரம். 1500 கிலோமீட்டருக்குக் கீழே ஒற்றை அடிமரம். அதற்கு மேலே சாய்ந்து பிரியும் மூன்று கிளைகள். அவற்றுள் ஒன்றன் திசையில்தான் ரீயூனியன் நிற்கிறது.