தாடி ஓணானுக்கு எந்த வீடு?

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் வாழும் தாடி ஓணானைச் சிலர் வீட்டில் வளர்க்கிறார்கள். "பனியன் கம்பெனி அட்டைப்பெட்டி போதாதா?"ன்னு கேட்பீங்க. போதாது! ஏன்னு பாருங்க.

1. இடம்: வளர்ந்த ஓணான் வாலோடு சேர்த்து சுமார் 50 செ.மீ. இருக்கும். அது ஓடித் திரும்ப 4 அடி நீளம், 2 அடி அகலம் வேண்டும்.

2. வெப்பம்: அதன் உடல் தானாகச் சூடாகாது. பெட்டியின் ஒரு முனை சுமார் 40 டிகிரி, மறுமுனை சுமார் 25 டிகிரி இருக்கணும். சூடு அதிகமானா அந்தப் பக்கம் போயிக்கும். சின்னப் பெட்டியில் எங்கும் ஒரே சூடு, தப்பிக்க இடமில்லை.

3. வெளிச்சம்: புற ஊதாக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகி, சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்! தனி விளக்கு இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும்.

1976-ல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணையிலும் இதே கணக்குதான்: வெயில் காயக் கரை, குளிர்ச்சிக்குத் தண்ணீர்.

நம்ம ஊர் ஓணானும் காலையில் வேலிமேல் வெயில் காயும். உச்சி வெயிலில் நிழலுக்குப் போகும். டப்பாவில் அடைத்தால் இரண்டும் போச்சு! சுருக்குப் போட்டுப் பிடிப்பதை நிறுத்துவோம். அதுக்கு வேலியே நல்ல வீடு!