வானின் பெற்றோல் தாங்கியைக் கழற்றப் போகிற பிள்ளைகளுக்கு

1. ஸ்பானரை எடுக்க முதல் ஒழுக்கு எங்கே என்று பாருங்கள். ஹனோவரில் 1979 முதல் 1990 வரை செய்த ஃபோக்ஸ்வாகன் டி3 வானில் தாங்கி முன் இருக்கைகளுக்குக் கீழே தொங்குகிறது. (நாலு சக்கரமும் இழுக்கிற சின்க்ரோ வேறு கதை, அதில் தாங்கி பின்னுக்கு.) நிரப்பிய அன்று மட்டும் மணந்து, பாதிக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிட்டால் குற்றம் மேல்பக்கத்தில்: காற்றுக் குழாய்கள், அவை நுழைகிற இறப்பர் வளையங்கள். எந்நேரமும் சொட்டினால் அடிக்குழாய், இல்லையென்றால் கறள். மேல்பக்கத்துக்குக் கை போகாது, அதனால் குற்றம் அங்கே என்றாலும் தாங்கி இறங்கத்தான் வேண்டும்.

2. மூடிய கராஜுக்குள் செய்யாதீர்கள், குழிக்குள் இறங்கவே வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், பள்ளத்தில் தேங்கி நிற்கும். பற்றரியைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

3. தாங்கியில் 60 லீற்றர் பெற்றோல் என்றால் ஏறத்தாழ 45 கிலோ. பாரத்தைவிட மோசம் அதன் அசைவு. ஒருமுறை பொறுமையில்லாமல், உள்ளே கால்வாசி இருக்கும்போதே தாங்கியைப் பிடித்திருக்கும் பட்டியைத் தளர்த்தினேன். பெற்றோல் முழுக்க ஒரு பக்கம் ஓடி, தாங்கி சரிந்து என் நெஞ்சில் வந்து படுத்தது. அயலவர் வந்து தூக்கும் வரைக்கும் மூச்சை அளந்துதான் விட்டேன். கடைசிச் சொட்டு வரைக்கும் வடியுங்கள்.

4. வடிக்கும்போது குழாய்க்கு நேர் கீழே படுக்காதீர்கள். கையை உயர்த்தி இழுத்த அடுத்த கணம் பெற்றோல் முழங்கையால் வழிந்து கமக்கட்டுக்குப் போய்விடும். அந்த எரிச்சல் இரவு வரைக்கும் நிற்கும்.

5. பட்டி நட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விடுங்கள். அசையாவிட்டால் கைவாளால் அறுங்கள். கிறைண்டரின் பொறி இங்கே ஆகாது. ஜக்கின் மேல் அகலப் பலகை வைத்து, பட்டி கழன்ற பிறகு ஒரு சாண் மட்டும் இறக்குங்கள். மேலே இன்னும் குழாய்களும் மானி வயரும் பிடித்திருக்கும்.

6. கண்ணாடி போடுங்கள். தாங்கியின் முதுகில் முப்பது வருடச் சேறு, ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். அதைச் சுரண்டினால்தான் கறள் தெரியும். ஈரத்தைப் பிடித்து வைத்திருந்ததே அந்தச் சேறுதான்.

7. வெறும் தாங்கிதானே என்று வெல்டிங் செய்ய நினைக்காதீர்கள். நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கிதான் ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து கிடக்கிறது. ஓட்டை விழுந்தால் புதிது வாங்குங்கள்.

8. பழைய இறப்பர் ஒன்றையும் திரும்பப் பூட்டாதீர்கள். பிரித்தானியாவில் 2021 செப்டெம்பர் முதல் வழமையான பெற்றோலில் 10 வீதம் வரை எத்தனோல் இருக்கிறது. பழைய குழாய்கள் அதில் வெடித்து உதிர்கின்றன. எத்தனோலைத் தாங்குகிற குழாய் என்று கேட்டு வாங்குங்கள்.

9. பூட்டியதும் கழுத்துமட்டும் நிரப்பி, அடியில் கடதாசி அட்டை விரித்து ஒரு இரவு வெளியில் விடுங்கள். என் முதல் வானில் விடிய அட்டையில் உள்ளங்கை அளவு ஈரம். ஒரு இறப்பர் வளையம் மடிந்திருந்தது. முழுத் தாங்கியையும் வடித்து, திரும்பவும் இறக்கினேன்.